சுத்தமான மூக்கு ஒன்று தேவை

துளி தண்ணீரைத் தொட்டதும் சீறியது. வெள்ளைப் புகை எழுந்து கண்ணாடிப் பெட்டியின் மூடியில் படர்ந்தது. தட்டில் ஒரு சிட்டிகை வெண்பொடி மிஞ்சியது.

"முடிஞ்சுதா?" என்றார் வைகுண்டராமன்.

"செத்துப்போச்சு சார்," என்றாள் நவமணி.

"எது, பாக்டீரியாவா?"

"அது நல்லாத்தான் இருக்கு. டி-ஏழுதான் செத்துப்போச்சு."

தூத்துக்குடியில் அந்த ஆய்வுக்கூடம் வைகுண்டராமனுடையது. அதில் மரபணு நச்சுச் சோதனைப் பிரிவு நவமணியின் பொறுப்பு. புதிய ரசாயனம் எதுவும் தொழிலாளர் கைக்குப் போகுமுன் அது மரபணுவைச் சிதைக்குமா என்று பார்க்க வேண்டும் என்பது சட்டம். சோதனை பழையது, எளியது. ஈரத் தட்டில் பாக்டீரியா. அதன்மேல் ரசாயனம். சில நாள் கழித்து எத்தனை பாக்டீரியா குணம் மாறியிருக்கிறது என்று பார்ப்பது. பெரும்பாலான ரசாயனங்களுக்கு இது போதும்.

டி-ஏழு அப்படியல்ல. உலோகத்தையும் கரிமத்தையும் முறுக்கிக் கட்டிய திரவம் அது. கூரையில் விரித்தால் மின்சாரம் தரும் சூரியத் துணிக்கு அதுதான் உயிர். காற்றோடு அதற்குப் பகையில்லை. தண்ணீரைக் கண்டால் விடாது. பாக்டீரியாவைத் தொடுவதற்குள் தண்ணீரோடு சண்டையிட்டு மாய்ந்துபோகும்.

"நாம சாம்பலத்தான் டெஸ்ட் பண்ணியிருக்கோம் சார்."

"விதி என்ன சொல்லுது? தண்ணில சிதையுற பொருளா இருந்தா, சிதைஞ்சு என்ன ஆகுதோ அத டெஸ்ட் பண்ணினா போதும். மனுஷ உடம்பே தண்ணிதானேம்மா. மூக்கத் தாண்டுறதுக்குள்ள இப்படித்தான் பொடியாயிரும். பொடியால கெடுதல் இல்ல. எழுதிக் குடுங்க."

"என் பேர்லயா?"

"உங்க பிரிவுதானே?"

உப்பளங்களுக்கு அப்பால் இருந்த சூரியத் துணி ஆலையில் தற்காலிக அனுமதியோடு அப்போது ஓர் அறைதான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு அறைகளுக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். அனுமதிக் குழு எதிர்பார்த்துக்கொண்டிருந்தது நவமணியின் கையெழுத்தை.

அவள் கையெழுத்துப் போடவில்லை. அப்பளத்தை எடுத்தாள்.

அப்பளம் என்பது மற்றவர்கள் வைத்த கேலிப் பெயர். ஈரப் பாசியில் நீர்க்கரடி என்று ஒரு பிராணி உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு. பாசி காய்ந்தால் அதுவும் காய்ந்து சுருண்டுகொள்ளும். வருடக்கணக்காக அப்படியே கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் எழுந்து நடக்கும். அதைக் காப்பாற்றும் புரதத்தை மனித நுரையீரல் செல்லுக்குள் வைத்தால் என்ன என்று நவமணி கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வியிலேயே அவளுடைய முப்பதுகள் போயின. கடைசியில் அந்தச் செல் காய்ந்தும் வாழ்ந்தது. நுனிவிரல் அகலத்தில், சர்க்கரைப் பாகு உறைந்ததுபோல் பளபளக்கும் ஒரு மெல்லிய வட்டம். அதற்குள் தண்ணீர் இல்லாமல் உறங்கும் மனித செல்கள். தண்ணீர் தொட்டால் விழித்துப் பெருகும்.

எந்தக் குழுவும் அந்த முறையை ஏற்கவில்லை. "வடைக்கு எப்போ டெஸ்ட் வைக்கப்போறீங்க?" என்று ஒரு மாநாட்டில் ஒருவர் கேட்டார். அரங்கு சிரித்தது. நவமணியும் சிரித்துவைத்தாள்.

உலர்ந்த பெட்டிக்குள் அப்பளத்தின்மேல் டி-ஏழின் ஆவியைப் படரவிட்டாள். சீற்றம் இல்லை. புகை இல்லை. உலர்ந்த எண்ணெயால் கழுவித் துடைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் விட்டாள். செல்கள் விழித்தன. பிரிந்து பெருகின. சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தாள்.

ஒவ்வொரு உட்கருவுக்கும் பக்கத்தில் ஒரு துணுக்கு கிடந்தது. வீடு மாறும்போது வண்டியிலிருந்து ஒரு பெட்டி தெருவில் விழுந்துகிடப்பதுபோல. மரபணு உடைந்தால் அப்படித்தான் கிடக்கும். டி-ஏழு படாத அப்பளத்தில் துணுக்கு இல்லை.

வைகுண்டராமன் நெடுநேரம் பார்த்தார். கண்ணை எடுத்துவிட்டுச் சொன்னார்: "அழகாத்தான் இருக்கு. ஆனா எந்த மனுஷன் அப்பளமா இருக்கான்?"

ஆலையின் மேலாளர் கிருபாகரனும் வந்து பார்த்தார். சத்தம் போடாத மனிதர். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"உங்க செல் சிதையுது. ஒத்துக்கிறேன் மேடம். ஆனா ஆள் உள்ள தண்ணியே படாம போற வழி எங்க இருக்கு? அத மட்டும் காட்டுங்க. காட்டிட்டா நானே நிறுத்துறேன்."

நவமணி நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். "ஆலைக்கு வந்து பாக்கலாமா?" என்றாள்.

"தாராளமா."

ஆலையின் உடைமாற்றும் அறையில் பெண்கள் கூட்டம். வெள்ளை அங்கி, தலைக்கு வெள்ளைக் குல்லாய், வாய்க்குத் துணிக்கவசம். உள்ளே இருந்த அறையை உலர் அறை என்றார்கள். பாலைவனத்தில்கூட அப்படி ஒரு வறட்சி கிடையாது. காற்றிலிருந்து ஈரத்தை ஒட்ட உறிஞ்சியிருந்தார்கள். ஆட்களின் மூச்சிலிருந்து வரும் ஈரத்தை இழுக்கத் தலைக்குமேல் குழாய்கள். ஒரு பொட்டு ஈரம் டி-ஏழுத் தட்டில் விழுந்தால் தட்டு எரிந்துபோகும்.

"புதுசா வந்தவியளா? மூக்கக் காட்டுங்க," என்றாள் ஒருத்தி. அந்த அறையின் பெண்களுக்கு மேஸ்திரி. இசக்கியம்மாள் என்று பெயர். கையில் சிறு பிளாஸ்டிக் புட்டி வைத்திருந்தாள்.

"எதுக்கு?"

"தேங்காண்ணெ. மூக்குக்கு ரெண்டு சொட்டு. விடாம உள்ள போனா மத்தியானத்துக்குள்ள மூக்கு வெடிச்சு ரத்தமா கொட்டும். மொத வாரம் எல்லாரும் கொட்டித்தான் பாத்தோம்."

"கம்பெனி சொல்லிச்சா?"

"கம்பெனி என்ன சொல்லும்? அவிய கண்ணாடிக்கு அங்கிட்டுல்லா நிக்காவ." திரும்பினாள். "ஏட்டி சொர்ணம், டாக்டரம்மா நெளியாவ பாரு. தலையப் பிடி."

பெண்கள் சிரித்தார்கள். நவமணி தலையைச் சாய்த்தாள். எண்ணெய் மூக்கில் இறங்கித் தொண்டைக்கு வழிந்தது. கொஞ்சம் சிக்கு வாடை. இசக்கி தன் மூக்கில் விட்டுக்கொண்டு, பலமாக உறிஞ்சி, குல்லாயைச் சரிசெய்தாள். ஒருத்தி விடாமல் எல்லாரும் விட்டுக்கொண்டார்கள். சாமி கும்பிடுவதுபோல அது ஓர் ஒழுங்காகிவிட்டிருந்தது. விடாமல் உள்ளே போனால் மற்றவர்கள் ஏசுவார்கள்.

உலர் அறையில் உதடு உடனே காய்ந்தது. கண் உறுத்தியது. பெண்கள் தட்டுகளைத் திறந்து, துணியை ஓட்டி, மூடினார்கள். சுவரெங்கும் சிறு கருவிகள். எல்லாம் ஈரத்தை மோப்பம் பிடிப்பவை. டி-ஏழை மோப்பம் பிடிக்க ஒன்றுகூட இல்லை. கெடுதல் இல்லாத பொருளுக்கு எதற்குக் கருவி?

ஒரு தட்டு திறந்தபோது நவமணிக்கு ஏதோ மணத்தது.

"பூண்டு வாடை வருதா இசக்கி?"

"அது எப்பவும் வரும். நல்ல வாடைதான். இங்க வந்தவளுக்கெல்லாம் பசி ஜாஸ்தி."

நவமணி சிரிக்கவில்லை. அப்படியே நின்றாள். பூண்டு மணம் டி-ஏழுடையது என்று அதனோடு வந்த குறிப்பில் படித்திருந்தாள். பெட்டிக்குள் அதைக் கையாளும்போது அவளுக்கு மணத்ததே இல்லை, பெட்டி மூடியிருந்தது. இங்கே மணக்கிறது என்றால் அது மூக்குக்குள் வந்துவிட்டது. ஈரமான மூக்கு அதைப் பொடியாக்கியிருக்க வேண்டும். ஆனால் இங்கே எவள் மூக்கும் ஈரமாக இல்லை. எண்ணெய் பூசியிருந்தது. எண்ணெயோடு டி-ஏழுக்குச் சண்டை இல்லை. அதில் கரைந்து, வழுக்கி, உள்ளே போகும்.

மூச்சை அடக்கினாள். அடக்கிவிட்டு, வாசலை எட்டுமுன் இழுக்க வேண்டியதாயிற்று.

ஆய்வுக்கூடத்தில் ஈரமான செல்களின்மேல் தேங்காய் எண்ணெயை மெல்லிய படலமாக விட்டாள். டி-ஏழின் ஆவியைக் காட்டினாள். துணுக்குகள் வந்தன.

இனி வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அனுமதிக் குழு ஆட்சியர் அலுவலகத்தின் மாடியில் கூடியது. தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியை. குறுக்கே பேசமாட்டார். நவமணி சொன்னதை முழுவதும் கேட்டார். தொழிலாளர் சார்பில் இசக்கியம்மாள் வந்திருந்தாள். பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

கிருபாகரன் எழுந்தார். "மேடம் சொன்னத மறுக்கல. நன்றிதான் சொல்லணும். நாளையிலேர்ந்து உள்ள எண்ணெய்க்குத் தடை."

"அப்ப ரத்தம் வந்தா?" என்றாள் இசக்கி.

"அதுக்கும் வழி இருக்கும்மா. அதுவும் மேடம் குடுத்த வழிதான்." அவர் வைகுண்டராமனைப் பார்த்தார். வைகுண்டராமன் தலையசைத்தார். "அவங்க செல்லுக்குள்ள வச்ச புரதம், தண்ணி இல்லாமலே செல்லைக் காப்பாத்துது. அதையே மூக்குக்கு ஸ்ப்ரேயாக் குடுக்கப்போறோம். மூக்கு காயும், ஆனா வெடிக்காது. ரத்தம் வராது. எண்ணெயும் வேண்டாம். சாரும் கம்பெனியும் ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு."

குழுவில் ஒருவர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். தலைவர் நவமணியிடம் திரும்பினார்.

"அப்படியென்றால் உங்கள் உலர் செல் முறையை இந்தக் குழு அங்கீகரிக்கலாம் என்று நினைக்கிறேன். முறை நம்பகமானதுதானே?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் இத்தனை வருடம் காத்திருந்தாள். கேலி செய்த அரங்கு நினைவுக்கு வந்தது. வைகுண்டராமன் அவளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"நம்பகமானதுதான்," என்றாள். "அதனாலதான் இந்த ஸ்ப்ரே கூடாது."

புன்னகை நின்றது.

"மூணு தட்டு பார்த்தோம். தண்ணி இருந்த தட்டுல டி-ஏழு செத்தது. செல் பிழைச்சது. சாம்பலை டெஸ்ட் பண்றோம்னு நானே அந்தத் தட்டைக் கேவலமா நினைச்சேன். தப்பு. அதுதான் முக்கியமான தட்டு. எண்ணெய்த் தட்டுல செல் உடைஞ்சது. உலர்ந்த தட்டுல அதைவிட மோசமா உடைஞ்சது. மூக்குல இருக்கிற ஈரம்தான் இவங்களுக்கு ஒரே காவல். எண்ணெய் அந்தக் காவலாளியோட கண்ணைக் கட்டுது. உங்க ஸ்ப்ரே அவனை வீட்டுக்கே அனுப்புது. மூக்கு வலிக்காது, வெடிக்காது. உள்ள என்ன போகுதுன்னும் தெரியாது."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?" என்றார் கிருபாகரன்.

"தலையை மூடுற கவசம். வெளியிலேர்ந்து குழாயில ஈரக் காத்து. அவங்க அவங்க காத்தை மூச்சு விடட்டும். உங்க அறை வறண்டே கிடக்கட்டும்."

"குழாயில ஒரு ஓட்டை விழுந்தா? அந்த ஈரம் தட்டுல பட்டா? மொத்த தட்டும் எரிஞ்சுபோகும் மேடம்."

"இப்ப ஓட்டை எங்க மூக்குல இருக்கு," என்றாள் இசக்கி. "தட்டு எரிஞ்சா வேற வைப்பீய."

நவமணி கிருபாகரனைப் பார்த்தாள். "வழியக் காட்டினா நிறுத்துறேன்னு சொன்னீங்க."

அவர் மேசையைப் பார்த்தார். "சொன்னது நான் மேடம். கம்பெனி இல்ல."

தலைவர் பேனாவை மூடினார். "தட்டுகளில் காட்டிவிட்டீர்கள் டாக்டர். மனிதர்களில் காட்டுங்கள். உள்ளே வேலை செய்பவர்களின் மூக்குச் செல், உள்ளே போகாத ஒருவரின் மூக்குச் செல். இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். வேறுபாடு இருந்தால் கவசம் கட்டாயம், பழைய அறைக்கும் சேர்த்து. இல்லையென்றால் அவர்கள் கேட்டபடி அனுமதி."

மாடிப்படியில் இசக்கி அவளை மறித்தாள்.

"பஞ்சுக் குச்சிய மூக்குல விட்டுச் சொரண்டுவியளோ?"

"வலிக்காது இசக்கி."

"வலி கெடக்கட்டும். எங்க அறையில பாதிப் பேரு கல்யாணம் ஆகாத புள்ளைய. மூக்குல என்னமோ ஒடஞ்சு கெடக்குன்னு எழுதிட்டீயன்னா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? புள்ள குறையாப் பொறக்கும்னு சொல்லுவாவ. அந்தக் கம்பெனில வேல பாத்தவளான்னு கேட்டுட்டுப் போயிருவாவ. கம்பெனி மூடினாலும் அந்தப் பேரு போகாது."

"பேரு எழுதமாட்டேன். நம்பர்தான்."

"எங்க ஊருல நம்பருக்குப் பேரு கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?"

இந்தச் சோதனை எதை உடைக்கும் என்று நவமணி இதுவரை கணக்கில் எடுத்தது செல்லை மட்டும்தான்.

"மொதல்ல என் மூக்குச் செல்லை எடுக்கேன்," என்றாள். ஊர்ப் பேச்சு தானாக வந்தது. "உள்ள வேல பாக்காதவ மூக்கு வேணும்லா, ஒரே ஒரு தடவ எட்டிப் பாத்ததுல ஒண்ணும் ஆயிருக்காது, அது என்னுதா இருக்கட்டும். என் பேரைப் போட்டே ஒட்டுதேன். ஒங்க எல்லாருக்கும் முன்னால வச்சுப் பாக்கேன். என்ன இருக்கோ அத அப்படியே சொல்லுதேன். அப்புறம் ஒங்க இஷ்டம்."

இசக்கி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல."

"இந்த வயசுலயா? அப்ப ஒங்களுக்கும் எழவுதான்." சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கினாள். பாதியில் நின்று திரும்பிச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம லீவு. கூட்டிட்டு வாரேன். வருவாளுவளா தெரியல."

வந்தார்கள். இரண்டு ஷேர் ஆட்டோ நிறைய. ஆய்வுக்கூடத்து நடைபாதையில் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். சொர்ணம் கிராம்பு மென்றுகொண்டிருந்தாள். இசக்கி மட்டும் உள்ளே வந்து நின்றாள், சாட்சிக்கு.

நவமணி தன் மூக்கில் பஞ்சுக் குச்சியைச் சுழற்றினாள். கண்ணாடிச் சில்லில் தேய்த்தாள். சாயமேற்றிக் காயவைத்தாள். ஒரு சீட்டில் 'நவமணி – சுத்தமானது' என்று எழுதி ஒட்டினாள். நுண்ணோக்கியில் குனிந்தாள்.

செல்கள் தெரிந்தன. பரந்த, தட்டையான, நீலம் ஏறிய செல்கள். நடுவில் உட்கரு. அடுத்தது. அடுத்தது.

அடுத்ததன் பக்கத்தில் ஒரு துணுக்கு.

சாயத்தின் கசடு என்று நினைத்தாள். சில்லை நகர்த்தினாள். இன்னொன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எழுந்து, புதிய குச்சி எடுத்து, அடுத்த மூக்கில் சுழற்றினாள். மறுபடி சாயம். மறுபடி குனிந்தாள். அங்கேயும் கிடந்தன. வண்டியிலிருந்து விழுந்த பெட்டிகள்.

ஒரே ஒரு தடவை போனாள். மூக்குக்கு இரண்டு சொட்டு. ஒரு பூண்டு வாடை.

"என்ன, ரெண்டாந்தடவ எடுக்கீய?" என்றாள் இசக்கி. "ஒங்களுது எப்படி இருக்கு?"

சாயம் கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு நாள் வாங்க என்று சொல்லியிருக்கலாம். வெளியே சொர்ணம் எதற்கோ சிரித்தாள். நவமணி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ஒடஞ்சிருக்கு," என்றாள்.

இசக்கி, தான் எண்ணெய் ஊற்றிய மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "ஒரு நாளைக்கேவா?"

"ஒரு நாளைக்கே."

"எங்களுக்கு ரெண்டு வருசம்."

நவமணி தலையசைத்தாள். சில்லிலிருந்த சீட்டை உரித்தாள். வேறு சீட்டு எடுத்து 'நவமணி – ஒருமுறை உள்ளே போனவர்' என்று எழுதி ஒட்டினாள். பெயரை எடுக்கவில்லை. சில்லைத் தொழிலாளர் வரிசையில் முதலாவதாக வைத்தாள்.

இசக்கி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்து மூக்கை நிமிர்த்தினாள், உடைமாற்றும் அறையில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாளே, அதுபோல.

"எடுங்க. நம்பரு கிம்பரு ஒண்ணும் வேண்டாம். இசக்கியம்மாள்னு போடுங்க. அப்புறம் அவளுவளும் நம்பரு கேக்க மாட்டாளுவ."

நவமணி எடுத்தாள். பெயரை எழுதி ஒட்டினாள். வெளியே அடுத்தவளைக் கூப்பிட்டாள். சொர்ணம் வந்தாள். அவளுக்கடுத்து ஒருத்தி. வரிசை நகர்ந்தது. ஒருத்தியும் எழுந்து போகவில்லை.

ஆனால் பக்கத்தில் வைக்க ஒரு சுத்தமான மூக்கு வேண்டும். அது இல்லாமல் குழு எதையும் ஏற்காது. அந்த ஆலைக்குள் ஒருநாளும் கால் வைக்காத ஆள். அந்த வாடையே படாத ஆள். அவள் கொஞ்சம் யோசித்தாள். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

போனை எடுத்தாள்.

"சார், நவமணி. நீங்க அந்த ஆலைக்குள்ள எப்பவாவது போயிருக்கீங்களா?"

"நான் எதுக்கும்மா அங்க போகணும்?" என்றார் வைகுண்டராமன். "ரிப்போர்ட்டுதான் இங்கயே வருதே."

"நல்லதாப் போச்சு. லேபுக்கு வாங்க சார். உங்க மூக்கு வேணும்."